யார் கையில் பிள்ளையைக் கொடுக்கிறீர்கள்?

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியானதும் என் கைப்பேசி ஓயாது. மடுல்கெல்லப் பக்கத்தில் எந்தத் தோட்டத்தில் யாருடைய பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தாலும், "அங்க நம்ம புள்ள ஒன்னு படிக்குதாம்" என்று என் இலக்கத்தை எப்படியோ தேடிப் பிடித்துவிடுவார்கள். என்ன வாளி வாங்குவது, மெத்தை கொண்டுவர வேண்டுமா, கன்டீன் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா, இங்கிலிஷ் வராத பிள்ளை என்ன செய்யும். எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொல்வேன். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்பார்கள். "நம்ம ஊரு சீனியர் யாரும் அங்க இருந்தா சொல்லுங்களேன். புள்ளய அவங்க கையில புடிச்சுக் குடுத்துட்டா எங்களுக்கு நிம்மதி."

அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதன்முதலாகத் தோட்டத்தை விட்டு வெளியே போகும் பிள்ளைக்கு ஒரு காவல் வேண்டாமா? ஊர்க்காரப் பிள்ளை ஒன்று ஏற்கெனவே அங்கே இருந்தால், அதன் வீட்டுக்குப் போய்ப் பலகாரம் கொடுத்து, நாலு வார்த்தை பேசி, "ஒங்க பொறுப்பு" என்று ஒப்படைத்துவிட்டு வருவார்கள். கம்பஸுக்குள்ளே இன்னொரு வழக்கம் இருப்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது. புதிதாக வரும் பிள்ளையைப் பகிடிவதை, அதுதான் ராகிங், செய்யும் முதல் உரிமை அதன் ஊர்க்கார சீனியருக்குத்தான். பதுளைப் பிள்ளையைப் பதுளைக்காரர், மன்னார்ப் பிள்ளையை மன்னார்க்காரர், எங்களை எங்கள் ஆட்கள். வெளியூர்க்காரர் அதிகமாகக் கை வைத்தால் ஊர்க்காரருக்கு ரோஷம் வந்துவிடும். ஆக, எந்தக் கை அடிக்கப் போகிறதோ அதே கையைத் தேடிப் போய் எங்கள் பெற்றோர் பலகார டின்னோடு பிள்ளையையும் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். இதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். எங்கள் தோட்டத்திலேயே மேல் டிவிசனில் ஓர் அக்கா இருந்தார். மூன்றாம் வருஷம். அம்மா சுட்ட முறுக்கும், ஃபெக்டரியிலிருந்து கிடைத்த நல்ல தேயிலைத் தூளும் எடுத்துக்கொண்டு அப்பா என்னையும் கூட்டிப் போனார். அந்த அக்கா எங்களைக் கதிரை போட்டு உட்கார வைத்தார். "மாமா, நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க. என் தங்கச்சி மாதிரி பாத்துக்கிறேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா விசிலடித்துக்கொண்டே வந்தார். அவர் விசிலடித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தங்கச்சி மாதிரிப் பார்த்துக்கொண்டது எப்படி என்று சொல்கிறேன். விரிவுரை தொடங்கிய சில நாட்களுக்குள் ஒரு பகல் இடைவேளையில் என்னைக் கன்டீனுக்கு அழைத்தார்கள். சீனியர்மார் மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எல்லோரும் இருந்தார்கள். மற்ற எதிலும் சேராதவர்கள் இதில் மட்டும் எவ்வளவு அழகாகச் சேர்ந்துவிடுகிறார்கள்! அந்த அக்கா ஒரு சாக்குப் பையை எடுத்து அதன் கயிற்றை என் நெற்றியில் மாட்டினார். "ஒங்க அம்மா எப்படி கொழுந்து எடுப்பாங்கன்னு இந்த அண்ணாமாருக்குக் காட்டு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது இரண்டும் கொதித்தது. அம்மா மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு வந்து, அந்தக் கையாலேயே சோறு பிசைந்து தந்து என்னைப் படிக்கவைத்தது, இந்தக் கூட்டம் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்துச் சிரிக்கவா?

"நீங்களே செஞ்சு காட்டுங்க அக்கா" என்றேன். "ஒங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே மலையிலதானே நிக்கிறாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் மட்டும், "ஓம், அதுவும் சரிதானே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் முறைப்பு வாங்கிக்கொண்டார். நான் பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று மாலையே என்னை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். ஒரே வருஷத்தில் சேர்ந்த எங்கள் பட்சில் யாரும் என்னோடு பேசக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பியில் சேர்க்கக் கூடாது.

குப்பி என்றால் வெளியாருக்குப் புரியாது. பரீட்சை நெருங்கும்போது பாடம் விளங்கிய சீனியர் ஒருவர் விளங்காதவர்களைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, மரத்தடியிலும் நடக்கும், வெற்று வகுப்பறையிலும் நடக்கும். எங்கள் கம்பஸில் உண்மையிலேயே மரியாதைக்குரிய விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது உயிர். ஒட்சியேற்றம் என்று படித்தது ஒக்சிடேஷன் என்று வேஷம் மாற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றால், இது நம் பழைய ஆள்தான் என்று அடையாளம் பிடிக்கவே நேரமெடுக்கும். அதற்குள் விரிவுரையாளர் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பார். அப்படிப்பட்ட குப்பியைத்தான் பிணையாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். தலை குனிந்தால் பாடம் கிடைக்கும், நிமிர்ந்தால் கிடையாது. எவ்வளவு நல்ல ஒன்றை எவ்வளவு கேவலமாக ஆக்க முடிகிறது!

முறைப்பாடும் செய்தேன். பகிடிவதை சட்டப்படி குற்றம் என்று நுழைவாயிலிலேயே மூன்று மொழியிலும் பலகை தொங்குகிறது. மாணவர் நலன் பார்க்கும் விரிவுரையாளர் ஒருவர் என்னை உட்காரவைத்து மிக அன்பாகப் பேசினார். "ஒங்க ஆக்கள்தானே மகள், பேசித் தீர்த்துக்குங்க. இங்க வாறதே கொஞ்சம் தமிழ்ப் பிள்ளைகள். அதுக்குள்ள பிரச்சினை வேணாம்." கொஞ்சப் பேர்தான் வருகிறோம் என்பதால் அந்தக் கொஞ்சப் பேரும் அடி வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டும். இந்தக் கணக்கு எந்தப் பாடத்தில் வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இடையில் இன்னொரு வேடிக்கை. "நீங்கள் கோட்டாவிலதானே வந்தனீங்கள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்காத ஆள் இல்லை. இல்லை ஐயா. பின்தங்கிய மாவட்டம் என்று சலுகை நுவரெலியாவுக்கு உண்டு, கண்டிக்கு இல்லை. எங்கள் மலை கண்டி மாவட்டக் கணக்கில் விழுந்துவிட்டது. உயர்தரத்துக்குப் பௌதிகவியல் ஆசிரியரைக் கண்ணால் காணாத எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், ஒவ்வொரு பாடத்துக்கும் தனி டியூஷன் போகும் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே வெட்டுப்புள்ளியைத்தான் தாண்ட வேண்டும். தாண்டித்தான் வந்தேன். இதை ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது.

என்னைக் காப்பாற்றியது என் பட்சிலேயே இருந்த கண்டிக்கு அருகே அக்குறணையைச் சேர்ந்த ஒரு பிள்ளை. அவள் தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஹொஸ்டலில் இல்லாததால் அவளையும் யாரும் பட்சில் சேர்ப்பதில்லை. ஒருநாள் நூலகத்து வாசலில் என்னை நிறுத்தி, "உங்களோட பேச வாணாமாம், எனக்கும் சொன்னாங்க. எங்கட வாப்பாட கடைக்கு மேல ரூம் ஒண்டு சும்மா ஈக்கி. சனிக்கிழம வாங்கொ. உங்களுக்கு வெளங்கினத எனக்குச் சொல்லுங்கொ, வெளங்காதத ரெண்டு பேருமாப் பாப்பம்" என்றாள். அது மாத்தளை வீதியில் இருந்த ஹாட்வெயார் கடை. மேலே பெயின்ட் வாளிகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்து, அகராதி பார்த்து, சண்டை பிடித்து, அவளுடைய உம்மா அனுப்பும் பணிஸைத் தின்று, ஒருவழியாக முதல் வருஷத்தைத் தாண்டினோம். பாஸானதும் எனக்குப் பெருமை வரவில்லை, கோபம்தான் வந்தது. மரத்தடியில் நாலு பேரோடு சிரித்துப் படித்திருக்க வேண்டியதை ஒளிந்து படிக்கவைத்துவிட்டார்களே என்றுதான் வயிறு எரிந்தது.

அடுத்த வருஷம் எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனிலிருந்து ஒரு பிள்ளைக்கு விஞ்ஞான பீடம் கிடைத்தது. அவளுடைய அப்பா என்னை அழைத்தார். யார் கையிலும் கொடுக்காதீர்கள், நேரே கொண்டுவந்து ஹொஸ்டலில் விடுங்கள், பாடத்துக்கு நான் இருக்கிறேன் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்க கொஞ்சம் கோவக்காரப் புள்ளன்னு சொன்னாங்க" என்றார். பிறகு பலகாரத்தோடு வேறொரு சீனியர் வீட்டுக்குப் போய் மகளைக் கொடுத்துவிட்டார்.

அவள் என்னைப் போல எதிர்த்துப் பேசவில்லை. சாக்குப் பையை மாட்டச் சொன்னபோது மாட்டிக்கொண்டாள். அவள் நன்றாகச் செய்கிறாள் என்று திரும்பத் திரும்ப அழைத்தார்கள். நான் அவளைத் தேடிப் போனபோதெல்லாம் என்னைக் கண்டால் வழிமாறி ஓடினாள், என்னோடு பேசினால் குப்பி போய்விடுமே என்று. ஒரு சனிக்கிழமை மதியம் கண்டி குட் ஷெட் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். மெத்தை, வாளி, பெட்டி எல்லாவற்றோடும் மடுல்கெல்ல பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, நான் போறேன். திரும்பி வரமாட்டேன். எனக்கு இங்க முடியல" என்றாள். சனம் போகவர, அங்கேயே நின்று விம்மி விம்மி அழுதாள். நான் அவளுடைய பெட்டியைப் பறித்துக்கொண்டேன். மெத்தையைச் சுமந்து, வாளியை இழுத்து, இரண்டு பேருமாக அக்குறணை பஸ்ஸுக்கு நடந்தோம். கண்டக்டர் மெத்தையைப் பார்த்துவிட்டு ஏதோ சிங்களத்தில் முணுமுணுத்தார். நான் முறைத்த முறைப்பில் அவரே அதைப் பின்னால் ஏற்றினார்.

அதற்குப் பிறகு அவளும் பெயின்ட் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். கெட்டிக்காரி. ஒருமுறை சொன்னால் போதும், மறக்கமாட்டாள். பாஸானாள். கம்பஸில் தங்கிவிட்டாள். அவள் இருந்துவிட்டாள் என்பதுதான் இந்த வருஷங்களில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் வருஷத்துக்குப் போனதும் அவள் எங்கள் அறைக்கு வருவதைக் குறைத்தாள். படிப்பு கூடிவிட்டதாக்கும் என்று விட்டுவிட்டோம். அவள் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டதாக இரண்டொரு பேச்சு காதில் விழுந்தது. நான் நம்பவில்லை.

இந்த வருஷம் கண்டி நகரத்தில் ஒரு நலன்புரிச் சங்கம், தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா வைத்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, பேசி முடிக்கத் தெரியாத பிரமுகர்கள் என்று ஒன்றும் குறையில்லை. இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் அறிவுரை என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள், என்னையும் அந்தக் கீழ் டிவிசன் பிள்ளையையும். மேடைக்குப் பின்னால் ஒழுங்கமைப்பாளரான ஆசிரியர் என் பக்கம் குனிந்தார். "மகள், பகிடிவதை அது இதுன்னு ஆரம்பிச்சிராதீங்க. பயந்துபோய் பொம்பளப் புள்ளைங்கள அனுப்பாம விட்டுருவாங்க. நேரத்துக்கு எழும்பிறது, இங்கிலிஷ் படிக்கிறது, அதப் பத்திச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எத்தனையோ வீடுகளில் ஒரு சாட்டுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அதனால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

அவள்தான் முதலில் பேசினாள். சேலை கட்டியிருந்தாள், அழகாக இருந்தாள், தடுமாறாமல் பேசினாள். நூலகம், நேர அட்டவணை எல்லாம் சொன்னாள். பிறகு, "ஆரம்பத்தில் கொஞ்சம் பகிடி இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். அது ஒருவரோடு ஒருவர் பழகுவதற்குத்தான். நானும் அதில் இருந்து வந்தவள்தான். அதனால்தான் எங்களுக்குள் ஒற்றுமை வந்தது" என்றாள். கைதட்டினார்கள். பெற்றோர் பக்கத்திலிருந்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். குட் ஷெட்டில் அழுத பிள்ளையா இது!

ஒலிவாங்கி என் கைக்கு வந்ததும் எனக்குள் தலையாட்டிய அந்த நல்ல பிள்ளை போய்விட்டாள். "உங்கள் பிள்ளையை அனுப்புங்கள்" என்றேன். "கட்டாயம் அனுப்புங்கள், அந்த இடம் அவர்களுடையது. யாரும் இரங்கிப் போட்ட பிச்சை இல்லை. ஆனால் யார் கையிலும் கொடுக்காதீர்கள். பாடம் சொல்லித்தர நானும் என் சிநேகிதியும் இருக்கிறோம். யார் காலிலும் விழாமல், யார் முன்னாலும் அம்மாவை நடித்துக் காட்டாமல் படிக்கலாம்" என்றேன். இன்னும் இருந்தது. ஆசிரியர் வந்து ஒலிவாங்கியை மெதுவாக, ஆனால் உறுதியாக வாங்கிக்கொண்டார். "இப்போது எல்லோருக்கும் தேநீர்" என்றார்.

ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுத்த இடத்தில் ஒரு தாய் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். எனக்கு நேரே வருகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய், எனக்கு முன் மேடையில் பேசியவளின் கையைப் பிடித்தார். "ஒங்க அம்மாவ எனக்குத் தெரியும் புள்ள. ரெண்டு பேரும் ஒரே கொந்தரப்பு வேலையில நின்னிருக்கோம். இவளுக்கும் ஒங்க பீடந்தான். ஒங்க கையில குடுக்கிறேன்" என்று மகளின் கையை அவளுடைய கையில் வைத்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நீங்க யோசிக்காதீங்க அத்தை. பாத்துக்கிறேன்" என்றாள் அவள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "குடுக்காதீங்கம்மா" என்றேன். "நான் இப்பதானே மேடையில சொன்னேன்."

அந்தத் தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க தனியா நின்னீங்களாம், எல்லாரும் ஒதுக்கி வச்சாங்களாம், கேள்விப்பட்டேன். நீங்க தைரியசாலி. எம்புள்ளைக்கு அது வராது. அவளுக்கு ஆளு வேணும்" என்றார். நியாயமான பேச்சு. தாய் அப்படித்தான் பேசுவார். என் கோபம் அவர் மேல் இல்லை.

நான் அவளுடைய பக்கம் திரும்பினேன். "அப்ப நீயே இவங்களுக்கு முன்னால சொல்லு. இந்தப் பிள்ளைய ஒன்னும் செய்ய மாட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்த. நான் போயிடறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்படி விட முடியாது அக்கா. ஒங்களுக்குத் தெரியும்தானே. நான் செய்யலன்னா வேற ஆக்கள் வந்து செய்வாங்க. அவங்க செஞ்சா கூடப் போயிடும். நான்னா கொஞ்சத்தோட முடிச்சிருவேன். நம்ம புள்ளதானே." அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அது ஓர் உதவி என்றுதான் நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளைப் பஸ் நிலையத்திலிருந்து இழுத்து வந்தேன், பாஸாக வைத்தேன், அவர்கள் அவளைக் கொண்டுபோய் இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

தாய்க்கு விளங்கியதா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. இவ்வளவு நேரமும் குனிந்தே நின்ற மகள்தான் தலையை நிமிர்த்தினாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. கடையில் சாமான் விலை விசாரிப்பதுபோல, தாங்க முடியுமா என்று தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள்.

"கொஞ்சம்னா எவ்வளவு அக்கா?"

அந்தப் பிள்ளையின் கை இன்னும் அவளுடைய கைக்குள்தான் இருந்தது. பதிலுக்காக அது அப்படியே காத்திருந்தது.